எலும்பைத் தாங்கும் கம்பியும் எங்கள் கணக்கும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் உரைக்கு மூன்று பேர் ஏன் மேடையில் நிற்கிறார்கள் என்று நீங்கள் யோசிக்கலாம். எங்களில் ஒருத்தி பொறியியலாளர், வெளிநாட்டில் வேலை செய்கிறாள். ஒருத்தி சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதி. மற்றவள் நோயாளியாக இருந்தவள். அவளுடைய இடது கால்தான் இன்றைய பேச்சின் கதாநாயகி. மூவரும் ஒரே வகுப்பு. 1990இல் பிரிந்துபோன சின்னப் பிள்ளைகள் நாங்கள். ஒருத்தி மடுவுக்கும், ஒருத்தி புத்தளத்துக்கும், ஒருத்தி வள்ளத்தில் இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமுக்கும் போனோம். 2002ஆம் ஆண்டுச் சமாதானக் காலத்தில் திரும்பி வந்து, உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தோம். எழுதும்போதும் பேசும்போதும் 'நாங்கள்' என்றே சொல்வோம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஏன் என்பது உரையின் நடுவில் விளங்கும்.

ஆறு வருடங்களுக்கு முன், ஓர் இரவு, தள்ளாடிப் பக்கமாக மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது வீதியில் கட்டாக்காலி மாடு ஒன்று படுத்திருந்தது. மன்னாரில் இது யாருக்கும் புதிதான செய்தி அல்ல. முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. இப்படித் திறந்த காயத்தோடு முறிந்தால், உள்ளே தகடு வைத்து மூடுவது பல வேளைகளில் ஆபத்து. கிருமி தொற்றினால் தகடே கிருமிக்கு வீடாகிவிடும். ஆகவே வைத்தியர்கள் காயத்தைக் கழுவி, முறிவுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று 5 மில்லிமீற்றர் தடிப்பான உருக்கு ஆணிகளை எலும்பில் திருகி, காலுக்கு வெளியே ஒரு நீளத் தண்டில் கவ்விகளால் அவற்றை இறுக்கினார்கள். இதைத்தான் வெளிநிலைப்படுத்தி என்கிறோம். எங்கள் ஊரில் 'வெளிக்கம்பி போட்டிருக்கு' என்றால் எல்லாருக்கும் விளங்கும். போர்க்காலத்தில் வடக்கில் இந்தக் கம்பியைக் காலில் சுமந்தவர்களை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம்.

அந்த இரவில் அந்தக் கம்பி காலைக் காப்பாற்றியது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஐந்து மாதம் கழிந்தும் எலும்பு பொருந்தவில்லை. எக்ஸ்ரேயில் முறிந்த கோடு அப்படியே கிடந்தது. கடைசியில் ஒருவர், எந்த வைத்தியசாலை என்று சொல்ல மாட்டோம், 'இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியும் வரலாம்' என்று சொல்லிவிட்டார். அன்று இரவு மூன்று பேரும் கைப்பேசியில் ஒன்றாகப் பேசினோம். கொஞ்ச நேரம் யாரும் வாயே திறக்கவில்லை. பிறகு பொறியியலாளர் கேட்டாள்: 'இஞ்ச பாரடி, உன்ர கம்பி எவ்வளவு விறைப்பு எண்டு ஆராவது பாத்தவையா?'

விறைப்பு என்றால் என்ன? உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மேசை விளிம்பில் மீற்றர் அளவுகோலைக் கவ்வியால் பிடித்து, நுனியில் பாரம் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தோம். எங்கள் காலத்தில் ஆய்வுகூடத்தில் படிக்கற்கள் போதாமல், தைத்த சின்ன மணல் பைகளைத் தராசில் நிறுத்துத் தொங்கவிட்டோம். ஒரு மில்லிமீற்றர் அசைய எவ்வளவு விசை வேண்டுமோ அதுதான் விறைப்பு. அந்தச் செய்முறையில் இரண்டு உண்மைகளைக் கண்டோம். வெளியே நீட்டிய நீளத்தை இரட்டித்தால் தாழ்வு இரு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது, ஏனென்றால் நீளத்தின் மூன்றாம் அடுக்கு. அளவுகோலைத் திருப்பி விளிம்பில் நிறுத்தினால் அது வளையவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் வடிவம் மாறிவிட்டது. உருண்டைக் கம்பியானால் விட்டத்தின் நான்காம் அடுக்கு. 5 மில்லிமீற்றர் ஆணிக்குப் பதில் 6 மில்லிமீற்றர் ஆணி போட்டால், தடிப்பு ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, விறைப்பு இரு மடங்குக்கு மேல் ஆகிறது.

காலில் உள்ள கம்பிச் சட்டமும் அதே அளவுகோல்தான். எலும்புக்கும் வெளித்தண்டுக்கும் இடையில் ஆணி எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டு நிற்கிறதோ, அதுதான் மேசைக்கு வெளியே நீட்டிய நீளம்.

இந்தச் சட்டத்தின் வரலாறு நூறு வருடங்களுக்கு மேற்பட்டது, நம் பள்ளியைவிட மூப்பு. 1902இல் பெல்ஜியத்தில் அல்பன் லம்பொட் இதைச் செய்தார். 1938இல் ஜெனீவாவில் ரவுல் ஹொஃப்மன் கவ்விகளைத் திருப்பி எலும்பை நேராக்கும் வகையைச் செய்தார். 1950களில் சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரீல் இலிசாரொவ், காலைச் சுற்றி வளையங்கள் வைத்து, மெல்லிய கம்பிகளை எலும்பினூடாகக் குறுக்கே விட்டு, சைக்கிள் சில்லுக் கம்பிபோல இழுத்து இறுக்கினார். 1964 ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற வலேரி புருமெல் அடுத்த வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை முறித்துக்கொண்டார். பல சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகு இலிசாரொவிடம் போனார். பின்னர் மீண்டும் 2 மீற்றருக்கு மேல் பாய்ந்தார். எங்கள் நோயாளிக்கு அந்தக் கதையைச் சொன்னபோது, 'நான் பாய வேண்டாம், உப்புக்குளம் சந்தி வரைக்கும் நடந்தால் போதும்' என்றாள்.

அப்படியானால் சட்டத்தை முடிந்த அளவு விறைப்பாக்கிவிட்டால் சரிதானே? இல்லை. இதுதான் இந்தத் துறையின் மிக அழகான, மிகச் சிக்கலான இடம். சுவிற்சர்லாந்தின் ஸ்டெஃபான் பெரன் என்ற ஆய்வாளர், முறிந்த இடைவெளியில் உள்ள திசு எவ்வளவு விகாரத்தைத் தாங்கும் என்று விளக்கினார். முதலில் உருவாகும் மென்மையான சதைத் திசு தன் நீளத்தின் அளவுக்கே, அதாவது 100 வீதம், இழுபட்டாலும் பிழைக்கும். குருத்தெலும்பு ஏறத்தாழ 10 வீதம் தாங்கும். முதிர்ந்த எலும்பு 2 வீதம்தான் தாங்கும். அதிகம் அசைந்தால் எலும்பு உருவாகும் முன்னரே கிழிந்துவிடும். ஒன்றுமே அசையாவிட்டால், வேலை இருக்கிறது என்ற செய்தியே உடலுக்குப் போகாது. 1985இல் குட்ஷிப், கென்றைற் என்ற இருவர் செம்மறியாடுகளில் செய்த ஆய்வில், முறிவை நாளுக்குச் சிறிது நேரம் நெடுக்காக மிகக் கொஞ்சம் அசைத்தபோது, இறுக்கிக் கட்டி விட்டதைவிட நன்றாகப் பொருந்தியது. பொதுவாக 0.2 முதல் 1 மில்லிமீற்றர் வரையான அசைவு நல்லது என்பார்கள். பாய்மரக் கயிற்றை இழுத்துக் கட்டும் சம்மாட்டிமார் இருக்கும் ஊர் இது. எந்தக் கயிறும் தளரவும் கூடாது, அறுகிற அளவு இறுகவும் கூடாது என்பதை நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை.

இனி, கணினி. ஒரு காலில் உள்ள சட்டத்தின் அசைவை நேரே அளப்பது கடினம். அதனால் அதன் மாதிரியைக் கணினியில் கட்டுகிறார்கள். முறையின் பெயர் முடிவுள்ள மூலக முறை. விமான இறக்கைகளின் விறைப்பைக் கணிக்க 1950களில் வளர்ந்தது இது. பெயரை 1960இல் இட்டவர் ரே கிளஃப் என்ற அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர். எலும்பின் மேல் அதைப் பயன்படுத்திய முதல் ஆய்வுகளில் ஒன்று 1972இல் வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது? கரைவலையை நினைத்துப் பாருங்கள். வலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள். ஒரு முடிச்சை இழுத்தால் பக்கத்து நான்கு முடிச்சுகளும் இழுபடும், அவை தம் பக்கத்தை இழுக்கும். முழுச் சட்டத்தையும் இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் 'உன் மேல் வரும் விசைகள் சமநிலையில் உள்ளனவா?' என்று கேட்டு ஒரு சமன்பாடு எழுத வேண்டும். இணைந்த கணிதத்தில் இரண்டு, மூன்று சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்ப்போம். கணினி ஆயிரம், இலட்சம் சமன்பாடுகளைத் தீர்க்கும். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் பொருளின் யங்கின் மட்டைக் கொடுக்க வேண்டும். உருக்குக்கு ஏறத்தாழ 200 கிகாபஸ்கால், தைற்றேனியத்துக்கு 110, கெட்டி எலும்புக்கு 17 முதல் 20 வரை. முறிந்த இடைவெளியில் உள்ள புதுத் திசுவுக்கு மிகக் குறைவு.

எங்கள் பொறியியலாளர் ஓய்வு நேரத்தில், இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில், எங்கள் காலின் மாதிரியைக் கட்டினாள். எக்ஸ்ரேப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பினோம். படத்தில் அளவு தெரியாதே என்றபோது, ஆணியின் தடிப்பு 5 மில்லிமீற்றர் என்று தெரிந்ததால், ஆணியையே அளவுகோலாக வைத்து மற்றவற்றை அளந்தாள். முதல் மாதிரி தந்த விடை நல்ல விடை. 20 கிலோ பாரத்தைக் காலில் வைத்தால், அதாவது ஏறத்தாழ 200 நியூற்றன், முறிவு 0.3 மில்லிமீற்றர்தான் அசையும். 'கம்பியில் பிழை இல்லை, வேறு காரணமாக இருக்க வேணும்' என்றாள்.

அந்த விடை பிழை. கணினி பிழைவிடவில்லை, நாங்கள் கொடுத்த தரவு பிழை. எக்ஸ்ரேயில் தண்டு எலும்புக்கு முன்னால் நின்றதால் இடைத்தூரம் தெரியவில்லை. எலும்புக்கும் தண்டுக்கும் இடையில் பாடநூலில் உள்ள 5 சென்ரிமீற்றரை அவள் எடுத்திருந்தாள். நோயாளியாக இருந்தவள் தன் தையல் பெட்டியிலிருந்த அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தாள். தோலிலிருந்தே ஆறு சென்ரிமீற்றருக்கு மேல். உள்ளே எலும்பு வரை சேர்த்தால் எட்டு. விபத்தன்று கால் வீங்கியிருந்தது, காயத்துக்கு மருந்து கட்ட இடமும் வேண்டியிருந்தது. அதனால் தண்டைத் தள்ளி வைத்தது சரியான முடிவு. வீக்கம் வற்றிய பிறகு அதைக் கிட்டக் கொண்டுவர யாருக்கும் நினைவு வரவில்லை. 8ஐ 5ஆல் வகுத்து மூன்றாம் அடுக்கு எடுங்கள், நான்கு மடங்குக்குச் சற்று மேல் வரும். அசைவு 1.2 மில்லிமீற்றர் ஆகிவிட்டது.

அப்போதும் கதை முடியவில்லை. எங்கள் தாதி கேட்டாள்: 'கீழ் ஆணி ரெண்டிலயும் எதில நீர் வடியுது?' ஒன்றில் வடிந்துகொண்டுதான் இருந்தது. சுற்றியுள்ள தோல் சிவந்து, தொட்டால் நொந்தது. 'அப்ப அந்த ஆணி எலும்பைப் பிடிக்கேல்ல. உன்ர கணக்கில அது பிடிச்சிருக்கு எண்டு வைச்சிருக்கிறாய்' என்றாள். மாதிரியில் எல்லா ஆணியும் எலும்போடு ஒட்டவைத்ததுபோல இருந்தது. அப்படித்தான் பெரும்பாலான எளிய மாதிரிகளைக் கட்டுகிறார்கள். அந்த ஒரு ஆணியைக் கழற்றிவிட்டுக் கணித்தபோது அசைவு 2 மில்லிமீற்றரைத் தாண்டியது. தண்டின் வளைவும் கவ்விகளின் நழுவலும் சேர்ந்தால் இன்னும் கூடும். முதல் விடையைவிட ஆறு மடங்குக்கு மேல்.

தங்கைமாரே, எங்களுக்கு நடந்தவற்றில் நீங்கள் எடுத்துப் போக வேண்டியது இந்த இடம். கணக்குத் தெரிந்தவளுக்கு ஆணி தளர்ந்தது தெரியவில்லை. தளர்ந்த ஆணியைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு, அது எத்தனை மடங்கு கெடுதல் என்று சொல்லத் தெரியவில்லை. ஐந்து மாதமாக 'காலை ஊன்றும்போது உள்ளே கிளிக் என்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் பேச்சை யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்றும் சேர்ந்த பிறகுதான் மாதிரி காலைப்போல ஆனது. 'நாங்கள்' என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

மாதிரியை வைத்துக்கொண்டு நாங்கள் யாரும் சாவியை எடுத்துக் கவ்வியைத் திருகவில்லை. அதை நீங்களும் ஒருநாளும் செய்யக் கூடாது. ஒரே ஒரு தாளில் படமும் நான்கு வரிகளும் எழுதி, வேறொரு நகரத்தில் எலும்பு முறிவு வைத்திய நிபுணர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் சிரிப்பார் என்று பயந்தோம். அவர் தாளை இரண்டு தரம் வாசித்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தளர்ந்த ஆணியை விரலால் அசைத்துப் பார்த்தார். அந்த வாரமே அந்த ஆணியைக் கழற்றி, நல்ல இடத்தில் புது ஆணி போட்டு, முறிவின் இரு பக்கமும் மூன்றாவது ஆணியும் சேர்த்து, தண்டைக் கிட்டக் கொண்டுவந்தார். பெரிய செலவு எதுவும் இல்லை. தண்டு அதே தண்டு. கணக்குப்படி இப்போது முழு உடல் பாரமான 55 கிலோவை வைத்தாலும் ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர்தான் அசையும், எலும்பு விரும்பும் எல்லைக்குள். 'இனி நடவுங்கோ பிள்ளை, பயப்படாதேங்கோ' என்றார். குளியலறைத் தராசில் காலை வைத்து, வாரம் வாரம் பாரத்தைக் கூட்டினோம். நான்கு மாதத்தில் கம்பி கழன்றது. கால் ஒன்று சற்றுக் கட்டை, மழை இருட்டினால் நோகும். ஆனால் இந்த மேடைப் படியை யாரும் கைபிடிக்காமல் ஏறியதை எல்லாரும் பார்த்தீர்கள்.

போன ஐந்து மாதம் திரும்பாது. அந்த ஐந்து மாதத்தில் தையல் வேலை போனது, கடன் ஏறியது, பிள்ளையின் பாடசாலை கெட்டது. ஆனால் முதல் இரவில் உயிரையும் காலையும் காத்தவர்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. சின்ன வைத்தியசாலைகளில் ஒரு தாதி முப்பது கட்டிலைப் பார்க்கிறாள். எங்களில் ஒருத்தியே அப்படிப் பார்க்கிறாள். வீக்கம் வற்றியதும் 'தண்டைக் கிட்டக் கொண்டுவரலாமா?' என்று கேட்கும் ஒரு வரி, கட்டில் அட்டையில் இருந்திருந்தால் போதும்.

இந்தத் துறை நம்மைப் போன்ற ஊர்களுக்கு ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். விலை உயர்ந்த சட்டம் வாங்க முடியாத இடத்தில், விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பெரும்பகுதி வருவது விலையிலிருந்து அல்ல. ஆணியின் தடிப்பு, எண்ணிக்கை, ஆணிகளுக்கு இடையிலான அகலம், எலும்புக்குத் தண்டு எவ்வளவு கிட்ட என்பவற்றிலிருந்து வருகிறது. மும்பையில் பி.பி.ஜோஷி என்ற வைத்தியர் மெல்லிய கம்பிகளும் சிறு கவ்விகளும் கொண்ட மலிவான சட்டம் ஒன்றைச் செய்தார், அவர் பெயரால் இன்றும் இந்திய வைத்தியசாலைகளில் பயன்படுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பொறியியலாளர்கள், வசதி குறைந்த நாடுகளின் பட்டறைகளிலேயே செய்யக்கூடிய ஒரு சட்டத்தை வடிவமைத்து வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட வேலைகளில் கணினி மாதிரி பெரிய உதவி. பத்து வடிவங்களை உருக்கில் செய்து உடைத்துப் பார்ப்பதற்குப் பதில், திரையில் பார்த்து, நல்ல இரண்டை மட்டும் செய்து சோதிக்கலாம். இலிசாரொவ் வளையம் போன்றவற்றில் கம்பி பாரம் ஏற ஏறத் தானே விறைக்கும், கணக்கு நேர்கோட்டில் போகாது. அங்கே பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக் கணிக்கக் கணினி இல்லாமல் முடியாது.

உப்புக்குளத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. உப்பு இரும்பை என்ன செய்யும் என்று நம் சைக்கிள் சங்கிலிகள் சொல்லும். உடலுக்குள்ளும் உப்பு நீர்தான், 0.9 வீதம். அதனால்தான் ஆணிகளுக்கு மொலிப்டினம் கலந்த துருவேறா உருக்கோ தைற்றேனியமோ வேண்டும். கடைத்தெருக் கம்பியை யாரும் எலும்பில் போட முடியாது. பட்டறையில் மலிவாகச் செய்யலாம் என்றவுடன் எதையும் செய்யலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்கள். உலகெங்கும் இருக்கும் அக்காமாரே, நீங்கள் நூற்றாண்டுக்காக அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்குப் போகட்டும். நல்ல கவ்விகள், படிக்கற்கள், மில்லிமீற்றர் தெளிவாகத் தெரியும் அளவுகோல்கள், இலவச மென்பொருள் ஓடக்கூடிய இரண்டு கணினிகள். பெயர்ப்பலகை வேண்டாம். தங்கைமாரே, இணைந்த கணிதம் கடினம் என்று சொல்லி உங்களை யாராவது திருப்பினால், மூன்றாம் அடுக்கு ஒரு காலைக் காப்பாற்றியதைச் சொல்லுங்கள். உயிரியல் எடுப்பவர்களும் கலைப்பிரிவில் இருப்பவர்களும் அவர்களோடு ஒரே வாங்கில் இருங்கள். அந்த வாங்கு பின்னாளில் எதற்கு உதவும் என்று அன்று எங்களுக்கும் தெரியாது.

மேசை விளிம்பில் மணல் பை தொங்கவிடச் சொல்லித் தந்த எங்கள் பௌதிகவியல் ரீச்சர் இங்கே இரண்டாவது வரிசையில் இருக்கிறார். ரீச்சர், அன்று நாங்கள் மூவரும் ஒரே வாசிப்பைப் பார்த்து எழுதினோம் என்று எங்களை எழுப்பிவிட்டீர்கள். உண்மைதான், பார்த்துத்தான் எழுதினோம். இன்று மூவரும் தனித்தனியே அளந்து வந்திருக்கிறோம்.